பிரேசில் தட்டில் ஆந்திர மாடு. சித்தூரில் ஏன் இல்லை 'பண்ணை ஸ்டேக்'?

அமெரிக்காவின் டெக்சஸ் மாகாணத்தில் அபிலீன் நகருக்குப் பக்கத்தில் பஃபலோ கேப் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே ஒரு மாட்டுப் பண்ணைக்குள், வைக்கோல் கொட்டகையாக இருந்த இடத்தில் 1983-ல் தொடங்கப்பட்டது 'பெரினி ரேஞ்ச் ஸ்டேக்ஹவுஸ்'. சாப்பிடுவதற்கென்றே வெளியூர்க்காரர்கள் தேடி வரும் இடம். 2014-ல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் விருதும் இதற்குக் கிடைத்தது.

மாடு வளர்ப்புக்குப் பேர்போன சித்தூர், திருப்பதி பக்கம் இப்படி ஓர் உணவகம் ஏன் இல்லை? 'கோயில் ஊராச்சே' என்பதுதான் உங்களுக்கு உடனே தோன்றும் பதில். அது பாதி பதில். மீதி, சட்டத்திலும் பால் கணக்கிலும் இருக்கிறது.

திருப்பதியில் அசைவமே கிடையாதா?

திருமலையில் இறைச்சி, மது, புகை மூன்றுக்கும் தடை. ஆனால் மலையை விட்டு இறங்கினால் கதை வேறு. ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் ராயலசீமாவின் அடையாளமான சாப்பாடு. அதாவது, இங்கே தடை அசைவத்துக்கு இல்லை. கேள்வி மாட்டைப் பற்றியது மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆந்திராவில் 1977-ம் ஆண்டின் பசுவதைத் தடை மற்றும் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பசுவையும் கன்றுகளையும் வெட்டக் கூடாது. எருமைக் கன்றுக்கும் இதே தடைதான். காளை, எருது, வளர்ந்த எருமை ஆகியவற்றை வெட்டலாம். ஆனால் உழவுக்கோ, இனப்பெருக்கத்துக்கோ, பாலுக்கோ இனி அது பயன்படாது என்று சான்றிதழ் வேண்டும்.

அதற்கும் ஸ்டேக்குக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஸ்டேக் என்பது தடிமனான இறைச்சித் துண்டை அதிகச் சூட்டில் சில நிமிடங்களில் சுட்டு எடுப்பது. அதற்கு மிருதுவான இறைச்சி தேவை. அதனால் இறைச்சிக்கென்றே வளர்த்த மாடுகளைப் பெரும்பாலும் இரண்டு வயதையொட்டி வெட்டிவிடுகிறார்கள்.

நம் சட்டம் அனுமதிப்பதோ, உழைத்து ஓய்ந்த மாட்டை. அந்த இறைச்சி கெட்டியாக இருக்கும். மணிக்கணக்கில் வேக வைத்துக் குழம்போ வறுவலோ செய்யலாம், ஸ்டேக் போட முடியாது. ஆக, சட்டப்படி கிடைக்கும் மாட்டை வைத்துப் பண்ணை ஸ்டேக்ஹவுஸ் நடத்தவே முடியாது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் 'பீஃப்'கூட எலும்பு நீக்கிய எருமை இறைச்சிதான். பசு, எருது, கன்று இறைச்சி ஏற்றுமதிக்குத் தடை உண்டு.

ஆந்திர மாடு பிரேசிலுக்குப் போனது எப்படி?

உலகின் மாட்டிறைச்சி ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கும் பிரேசிலில், இறைச்சி மாடுகளில் பெரும்பாலானவை 'நெலோர்' இனம். பெயரைப் பார்த்தாலே தெரியும்: திருப்பதிக்குப் பக்கத்து மாவட்டமான நெல்லூர்தான் அது. நாம் 'ஓங்கோல்' என்று சொல்லும் திமில் மாட்டின் வாரிசுகள் இவை. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்பதால் 19-ம் நூற்றாண்டிலிருந்தே கப்பலேற்றப்பட்டன. 2023-ல் 'வியாடினா-19' என்ற நெலோர் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலரைத் தாண்டியது.

ஒரே ரத்தம்தான். அங்கே எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே உழவையும் வண்டியையும் பார்த்து.

அப்போ சித்தூரில் மாடு எதற்கு?

பாலுக்கு. 1992-ல் தொடங்கப்பட்ட ஹெரிடேஜ் நிறுவனம் இந்த மாவட்டத்தில் வேர்விட்டதுதான். 2002-ல் மூடப்பட்ட சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணையை அமுல் மூலம் மீட்கும் வேலைக்கு 2023 ஜூலையில் பூமி பூஜை நடந்தது. பால் அதிகம் வேண்டும் என்று ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள் பெருகின.

இதில் அடிபட்டது சொந்த ஊர் மாடு. பழைய சித்தூர் மாவட்டத்தின் புங்கனூர் பெயரைத் தாங்கிய குட்டை மாடு, உலகின் மிகச் சிறிய திமில் மாடுகளில் ஒன்று. உயரம் சுமார் மூன்றடி அல்லது அதற்கும் குறைவு. பால் சில லிட்டர்தான். லிட்டர் கணக்கில் தோற்று, அழிவின் விளிம்புக்கே போனது. பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம்தான் இந்த இனத்தைப் பிடித்து நிறுத்தியது. இப்போது வசதியானவர்கள் வீட்டில் வளர்க்க லட்சக்கணக்கில் விலை கொடுக்கிறார்கள்.

காளைக் கன்று பிறந்தால்?

உண்மையான சிக்கல் இதுதான். டெக்சஸ் பண்ணையில் காளைக் கன்று என்றால் வருமானம். சித்தூரில் இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அது செலவு. பால் தராது, உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டது, கன்றை இறைச்சிக்கு விற்கச் சட்டம் இடம் தராது. தீவனம் போட்டு வளர்ப்பதா, சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளுவதா, கோசாலையில் விடுவதா, தெருவில் அவிழ்த்து விடுவதா?

அரசின் பதில், பாலினம் பிரித்த விந்தணு ஊசி. போட்டால் பிறப்பவற்றில் சுமார் 90 சதவீதம் கிடாரிக் கன்றுகள். ராஷ்ட்ரிய கோகுல் திட்டத்தில் மானியமும் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், காளைக் கன்றுக்கு வேலை தேடித் தருவதற்குப் பதில், அது பிறக்காமலே பார்த்துக்கொள்ளும் வழி. ஏற்கெனவே பிறந்துவிட்ட கன்றுகளுக்கான தீவனச் செலவு மட்டும் இன்னும் மாட்டுக்காரரின் கணக்கில்தான் இருக்கிறது.