தொலைக்காட்சி ஒலி காதுக்கு வரும் வழி

அடுக்குமாடி வீடுகளில் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் செவித்திறன் குறைந்த தாத்தாவும் ஒரே கூடத்தைப் பகிர்ந்துகொள்வதுண்டு. தாத்தாவுக்குச் செய்தி தெளிவாகக் கேட்க வேண்டும். மாணவருக்கோ அமைதி வேண்டும். இருவரின் தேவையையும் நிறைவு செய்யக்கூடியது ஹெட்ஃபோன். ஆனால், இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில் ஹெட்ஃபோனைச் செருகுவதற்கான துளை இருப்பதில்லை. அவற்றின் பின்புறத்தில் ஒளிவழி ஒலி வெளியீடு இருக்கும்.

தோஷிபா நிறுவனம் 1983ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய இவ்விணைப்பு ‘டாஸ்லிங்க்’ எனப்படுகிறது. இதில் ஒலி, 0, 1 என்னும் இலக்கங்களாக மாற்றப்பட்டு, செந்நிற ஒளித்துடிப்புகளாக மெல்லிய இழை ஒன்றின் வழியே செல்கிறது. இவ்விழையில் மின்சாரம் பாய்வதில்லை. எனவே, இணைக்கப்பட்ட மின்கருவிகளுக்கு இடையே உண்டாகும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் இதன் வழியாக நுழைவதில்லை.

எனினும், ஒளியை நம் காது கேட்காது. அதனால், இரண்டு பணிகள் நடைபெற வேண்டும். முதலில், மின்னிலக்க மாற்றி அந்த இலக்கங்களை மீண்டும் மின்னலைகளாக மாற்றுகிறது. அந்த மின்னலைகள் ஹெட்ஃபோனை இயக்கும் அளவுக்கு வலிமையுடையவை அல்ல. ஆகவே, பெருக்கி அவற்றை வலுப்படுத்துகிறது. இவ்விரண்டு பணிகளையும் ஒரே பெட்டியில் செய்யும் ஹெட்ஃபோன் பெருக்கிகளும் விற்கப்படுகின்றன.

இணைக்கும் முறை எளிது. இரு கருவிகளையும் அணைத்துவிட்டு, ஒளியிழை வடத்தின் முனைகளிலுள்ள சிறு மூடிகளை அகற்ற வேண்டும். பின்னர், ஒரு முனையைத் தொலைக்காட்சியிலும் மறுமுனையைப் பெருக்கியிலும் செருக வேண்டும். வடத்தைக் கூர்மையாக மடக்கினால் உள்ளிருக்கும் இழை பழுதடையும். அடுத்து, கருவிகளை முடுக்கி, தொலைக்காட்சி அமைப்பில் ஒளிவழி வெளியீட்டையும் ‘பிசிஎம்’ ஒலி வடிவத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு வடிவத்தில் ஒலி வந்தால், பல மாற்றிகளுக்கு அது புரியாது. ஹெட்ஃபோனில் ஒலி கேட்காமல் போகலாம்.

ஒளிவழி வெளியீட்டின் ஒலியளவு பெரும்பாலும் மாறாது. தொலைக்காட்சியின் ரிமோட்டை அழுத்தினாலும் பயன் இருக்காது. பெருக்கியின் திருகைத்தான் திருப்ப வேண்டும். ஆகவே, ஹெட்ஃபோனை அணிவதற்கு முன் அத்திருகை மிகக் குறைந்த நிலையில் வைத்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுவதே பாதுகாப்பானது. பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒலி 3 டெசிபல் கூடினாலே அந்நேரம் பாதியாகக் குறைந்துவிடும். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. எனவே, வீட்டின் அமைதியைக் காக்கும் கருவி காதையும் காக்கும்படி அதைப் பயன்படுத்துவது நம் பொறுப்பாகும்.