கொட்டாங்கச்சிக்கு வந்த யோகம்

தேங்காயைத் துருவி முடித்ததும் கொட்டாங்கச்சியை என்ன செய்கிறோம்? முன்னாளில் வெந்நீர் அடுப்பில் இட்டோம், அகப்பை செய்தோம். இந்நாளில் பெரும்பாலும் குப்பையில்தான் எறிகிறோம். அதே கொட்டாங்கச்சி கரியாக உருமாறி, குடிநீரைச் சுத்தம் செய்யும் கருவிகள் பலவற்றினுள் அமர்ந்திருக்கிறது என்பதை நேயர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

கரி நீரைத் தெளியவைக்கும் என்பது புதுச் செய்தியன்று. மணலும் கரியும் இட்ட பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீர் வடித்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ருஷியாவில் டோவியாஸ் லோவிட்ஸ் என்னும் ரசாயன சாஸ்திரி, திரவங்களின் நிறத்தைக் கரி போக்குவதை 1785-ல் கண்டறிந்தார். எனினும் கரியின் பெருமையை உலகுக்கு உணர்த்தியது யுத்தமே. 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தில் ஈப்ர நகரருகே ஜெர்மானியர் குளோரின் விஷவாயுவை ஏவினர். அதன் பின்னர், போர்வீரரின் சுவாசத்தைக் காக்கும் முகமூடிக்குக் கரி தேவையாயிற்று. 1918-ல் அமெரிக்கக் குடும்பங்கள் பீச் பழக் கொட்டைகளையும் கடின ஓடுகளையும் சேகரித்துக் கொடுத்தன. ஒரு முகமூடிக்கு 200 பீச் கொட்டைகள், அல்லது 7 ராத்தல் ஓடு வேண்டும் என்று கணக்கிட்டனர். தேங்காய் ஓட்டின் கரி மிகவும் சிறந்ததாக மதிக்கப்பட்டது.

காரணம் என்ன? காற்று அதிகம் புகாமல் ஓட்டைச் சுட்டால் நீரும் தாரும் வாயுக்களும் வெளியேறிக் கரி மிஞ்சுகிறது. அக்கரியைச் சுமார் 900 டிகிரி உஷ்ணத்தில் நீராவியில் வைத்தால், நீராவி அதைச் சிறிது அரித்துக் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களைத் திறக்கிறது. வியாபாரிகள் இதனை ‘ஆக்டிவேடட் கார்பன்’ என்பர். நாம் ‘உயிரூட்டிய கரி’ எனலாம். இதன் ஒரு கிராமில் அடங்கிய துவாரச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் வரும்! நீரிலுள்ள துர்நாற்றம், நிறம் முதலியவற்றை இச்சுவர்களே பிடித்து வைக்கின்றன. கடினமான கரியாதலால் எளிதில் பொடியாவதில்லை. ஆகவே தங்கச் சுரங்கங்களிலும், கரைசலிலிருந்து பொன்னைப் பிரிக்க இதனைக் கொள்கின்றனர். ஆனால் உப்பு நீரை இது நன்னீராக்காது, கிருமிகளையும் கொல்லாது. துவாரங்கள் நிரம்பியதும் கரியை மாற்றியே தீரவேண்டும்.

இனி, இக்கதையின் மறுபக்கத்தையும் பார்ப்போம். கொப்பரைக் களங்கள் மிகுந்த காங்கேயம் முதலிய கொங்கு நாட்டு ஊர்களில் கொட்டாங்கச்சியைத் ‘தொட்டி’ என்பார்கள். மூன்று நான்கு டன் தொட்டியைச் சுட்டால்தான் ஒரு டன் கரி கிடைக்கும். மிகுதி எங்கே போகிறது? திறந்த குழிகளில் சுடும் இடங்களில் புகையாய் ஊரைச் சூழ்கிறது. கரியை அணைக்கும் நீரோடு தார் நிலத்தில் இறங்குகிறது. கிணற்று நீர் கெட்டதென்று குடியானவர்கள் முறையிட்டதும் உண்டு.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. மூடிய சூளையில் சுட்டு, எழும் வாயுவையும் எரித்து, அந்த உஷ்ணத்தாலேயே நீராவி உண்டாக்கலாம். புகையும் குறையும்; விறகும் மிச்சமாகும். முதல் போடச் சிறு தொழிலாளிக்குச் சர்க்காரும், கரியை வாங்கும் ஆலைகளும் கைகொடுத்தால் போதும். எறிந்த ஓட்டைப் பொருளாக்குவது நல்ல கைத்தொழில்தான். ஆனால் ஒரு வீட்டின் குடிநீர் தெளிவதற்காக மற்றொரு வீட்டின் கிணறு கறுக்கலாகாது அல்லவா?