வெங்காயக் கூடையில் ஒரு லில்லி!

உத்திரமேரூரில் என் நாத்தனார் வீடு. பெரிய கொல்லை, கிணறு, துவைக்கிற கல், சுற்றிலும் பூச்செடிகள். ஆடி மாசம் அங்கே போயிருந்தபோது வீடே பரபரப்பாக இருந்தது.

"நல்ல காலம் அண்ணி! இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா எங்க மாமியார் சாம்பார்ல லில்லியைப் போட்டிருப்பாங்க!" என்றாள்.

விஷயம் இதுதான். கிணற்றடியில் மண்டிக் கிடந்த ஸ்பைடர் லில்லியைத் தோண்டி, பிரித்து நடுவதற்காகக் கிழங்குகளை முறத்தில் பரப்பியிருக்கிறாள். தூறல் விழுந்ததும் பையன் ஓடிப்போய் முறத்தைத் தூக்கி வந்து, சமையலறையில் இருந்த வெங்காயக் கூடையில் கொட்டிவிட்டான். பார்க்க அச்சு அசலாக வெங்காயம்தான்! மாமியார் இரண்டை உரித்தும் விட்டார். 'என்னடி இது, வாசனையே வரலை, கண்ணும் எரியலை' என்று அவருக்குச் சந்தேகம் வந்ததால் தப்பித்தார்கள்.

ஸ்பைடர் லில்லிக் கிழங்கில் 'லைகோரின்' என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. தின்றால் வாந்தி, வயிற்று வலி, பேதி என்று படுத்தி எடுத்துவிடும். சின்னக் குழந்தைகளுக்கு உடம்பில் நீர் வற்றிப்போய் நிலைமை மோசமாகலாம்.

'அப்படியானால் லில்லியே வேண்டாம்' என்கிறீர்களா? அதற்கு அவசியமே இல்லை. எதை வளர்ப்பது, எங்கே வைப்பது என்று தெரிந்துகொண்டால் போதும். தோட்டம் என்பது உத்திரமேரூருக்குப் புதுசும் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-ல், குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்ததைப்போலவே, 12 பேர் கொண்ட தோட்ட வாரியத்துக்கும் ஆள் தேர்ந்தெடுத்த ஊர் இது. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டே சாட்சி!

நம்ம வெயிலுக்கு எந்த லில்லி?

பூங்கொத்துகளில் பெரிசு பெரிசாக, எக்காளம் மாதிரி விரிந்து மணக்கிறதே, அதுதான் அசல் லில்லி. அது குளிர்ப் பிரதேசத்துச் செடி. நம் தமிழ்நாட்டிலேயே நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளில், வெள்ளை வெளேரென்று மணக்கும் 'நீலகிரி லில்லி' தானாகவே பூக்கிறது. ஆனால் அதைக் கத்திரி வெயிலில் காயும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கொண்டுவந்தால் தாங்காது.

கண்காட்சிகளில் அசல் லில்லிக் கிழங்கு விற்கிறார்கள். ஆசையாக இருந்தால், குளிரூட்டிப் பதப்படுத்திய கிழங்கா என்று கேட்டு வாங்கி, மழை ஓய்கிற மார்கழியில் தொட்டியில் நடுங்கள். காலை வெயில் மட்டும் படட்டும். ஒரு முறை பூக்கும். அடுத்த வருஷம் பூப்பதற்கு அந்தக் கிழங்குக்குப் பல வாரம் நல்ல குளிர் வேண்டும். அது நம் ஊரில் கிடைக்காது. 'என் கை ராசியில்லை' என்று வருத்தப்படாதீர்கள். தப்பு உங்கள் கையில் இல்லை, சீதோஷ்ணத்தில்!

அப்படியென்றால் வருஷா வருஷம் மணக்கிற செடி? இருக்கவே இருக்கிறது நிலச்சம்பங்கி. தாவர இயல்படி இது லில்லியே அல்ல. மெக்ஸிகோவிலிருந்து வந்தது, ரயில் கற்றாழைக்கு நெருங்கின சொந்தம். அதனால்தான் வெயிலுக்கு அசருவதில்லை. சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கம் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். சாயங்காலம் ஏற ஏற வாசனையும் ஏறும்!

ஒற்றை அடுக்குப் பூதான் அதிகமாக மணக்கும், மாலைக்கும் ஏற்றது. இரட்டை அடுக்கு, பூ ஜாடியில் வைக்க அழகு. பெங்களூரில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களில் 'ஸ்ரீங்கார்', 'பிரஜ்வல்' ஒற்றை அடுக்கு. 'சுவாசினி', 'வைபவ்' இரட்டை அடுக்கு. பிரஜ்வல் மொட்டு லேசான ரோஜா நிறச் சாயலோடு இருக்கும்.

தோட்டத்தில் நட...

ஆனி, ஆடி மாசம் நல்ல பருவம். 25 முதல் 30 கிராம் எடையுள்ள, அழுகல் இல்லாத கெட்டியான கிழங்காகப் பொறுக்குங்கள். பொடிக் கிழங்கு இலை விடும், பூக்க நாளாகும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி முக்கால் அடி இடைவெளி விட்டு, ஓர் அங்குல ஆழத்தில் நடவேண்டும். தினமும் 6 மணி நேரமாவது வெயில் விழவேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் தளதளவென்று வளரும், பூத்தண்டு வராது.

களிமண் பூமியாக இருந்தால் மணலும் மக்கிய எருவும் கலந்து, அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழைத் தண்ணி வேரில் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். சம்பங்கிக்கு எமன் வெயில் இல்லை, தேங்கின தண்ணிதான்.

நட்ட மூணு, நாலு மாசத்தில் முதல் பூத்தண்டு எட்டிப் பார்க்கும். ஒரு கிழங்கு ஒரே ஒரு தடவைதான் பூக்கும். ஆனால் பக்கத்திலேயே குட்டிக் கிழங்குகள் போட்டுக்கொண்டே போகும். மூணு வருஷத்துக்கு ஒரு முறை தோண்டிப் பிரித்து நட்டால் தோட்டம் குறையாது. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்து செடி சோர்ந்துபோனால் அது நூற்புழு வேலை. அடுத்த நடவுக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு போகம் செண்டுமல்லி போடுங்கள். புழு குறையும்.

தொட்டியில் நட...

மாடி வீட்டுக்காரர்கள் 12 அங்குலத் தொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓட்டையின் மேல் ஓட்டாஞ்சில்லு போட்டு, செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய எரு 1 பங்கு கலந்து நிரப்பி, 3 அல்லது 4 கிழங்கு நடலாம். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணி. மாசம் ஒரு பிடி மண்புழு உரம் போதும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறீர்களா? கவனம்! அந்தத் தட்டுத் தண்ணிதான் டெங்கு கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால், வெறுமனே கொட்டினால் போதாது. வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மழைக்காலத்தில் தட்டே வேண்டாம்.

வாசனையே வேதனையானால்?

சிலருக்குப் பலமான பூவாசனை தலைவலியைக் கிளப்பும். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு இருமல், இழுப்பு வரலாம். வீட்டில் ஒற்றைத் தலைவலி, ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால் சம்பங்கி ஜாடியை மூடின படுக்கையறையில் வைக்காதீர்கள். வராந்தாவோ காற்றாடும் கூடமோ சரி. 'ராத்திரி செடி பிராணவாயுவை உறிஞ்சிடும்' என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பக்கத்தில் படுத்திருப்பவர் எடுத்துக்கொள்வதில் துளிகூட அந்தத் தொட்டி எடுப்பதில்லை!

பூனை வளர்க்கிறவர்கள் அசல் லில்லியை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. மேலே ஒட்டின மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனைக்குச் சிறுநீரகம் கெட்டு உயிர் போய்விடும்.

இதை மட்டும் மறக்காதீர்கள்!

ஸ்பைடர் லில்லியைப்போல, வெள்ளைப் பூ பூக்கும் விஷமூங்கிலும் மணக்கும். அதன் கிழங்கும் நஞ்சு. சம்பங்கிக் கிழங்கும் சாப்பாட்டுப் பொருள் அல்ல. இதையெல்லாம்விடப் பயங்கரமானது, 'குளோரி லில்லி' என்று சொல்கிற செங்காந்தள். நம் மாநில மலர்தான், வாசனை இல்லாவிட்டாலும் அழகோ அழகுதான். ஆனால் கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று சொல்லப்படும் அதன் கிழங்கில் 'கால்சிசின்' இருக்கிறது. கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. தின்ற சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, பேதி ஆரம்பிக்கும். 'நின்னு போச்சே' என்று அசட்டையாக இருந்தால், அதற்குப் பிறகு ரத்தம், சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும்.

எனவே தோண்டின கிழங்கைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள். துணிப்பையில் கட்டி, 'பூக்கிழங்கு, சாப்பிடக் கூடாது' என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள். செடியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாராவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, மிச்சக் கிழங்கையும் இலையையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன செடி என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஊருக்குக் கிளம்பும்போது நாத்தனார் ஒரு பை நிறையச் சம்பங்கிக் கிழங்கு கொடுத்தாள். பையின் மேல் பையனே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான்: 'சாம்பாருக்கு அல்ல!'