கம்ப்யூட்டர் சிபாரிசு செய்யும் படம் உங்களுக்குப் பிடிக்கவில்லையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால் பல வீடுகளில் அடுத்த வேலை படம் பார்ப்பதுதான். சி.டி. வேண்டாம், டவுன்லோட் வேண்டாம். மாதச் சந்தா கட்டினால் போதும். ஸ்ட்ரீமிங் சேவையைத் திறந்தவுடன் ‘உங்களுக்காக’ என்று வரிசை வரிசையாகப் படங்கள் வந்து நிற்கும். ஆனால் நிற்பதில் ஒன்றுகூட நமக்குப் பிடித்ததாக இல்லையே என்று பலர் குறைப்படுகிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. பென்னாகரத்தில் இருக்கும் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி, ஒரு மாதம் ஓய்வில் இருக்க வேண்டியிருந்தது. பொழுது போகட்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, வீட்டுச் சந்தாவில் படச் சேவை ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டு நான் பெங்களூருக்கு வேலைக்குத் திரும்பினேன். அடுத்த வாரம் வந்து பார்த்தால் லேப்டாப் மூடியே கிடக்கிறது. உடம்பு விசாரிக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்த நேரத்தில் திரை முழுவதும் ரத்தமும் கத்தியும், போதாததற்கு ஒரு பேய்ப்பட டிரெய்லர் தானாகவே அலற ஆரம்பித்திருக்கிறது. “ஏங்கண்ணு, இந்த மாதிரிப் படமெல்லாம் நான் பாக்கறேன்னு இதுக்கு யாரு சொன்னது?” என்று கேட்டார் அம்மா.

சொன்னது என் தம்பி. கல்லூரி விடுமுறையில் இரவு ஒரு மணி வரை அதே பெயரில் அவன் பார்த்த படங்கள்தான் அவை. இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் சரிசெய்வது சுலபம்.

நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வி.சி.டி. வாடகைக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ஆளைப் பார்த்தவுடனே படத்தை எடுத்து நீட்டுவார். அப்பா அனுப்பினாரா, அம்மா அனுப்பினாரா என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வியைத்தான் கம்ப்யூட்டர் கேட்பதில்லை.

அது வேலை செய்யும் விதம் வேறு. ‘முந்தானை முடிச்சு’ படத்தை விரும்பிப் பார்த்த ஆயிரம் பேரில் பெரும்பாலானோர் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தையும் முழுமையாகப் பார்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் முதல் படத்தைப் பார்த்ததும் இரண்டாவதை உங்கள் முன் வைத்துவிடும். பாக்யராஜ் யார், விசு யார் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. உங்களைப் போலவே பார்க்கும் மற்றவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் பார்த்ததை உங்களுக்குக் காட்டுகிறது. எதைப் பாதியில் நிறுத்தினீர்கள், எந்த நேரத்தில், எந்தக் கருவியில் பார்த்தீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளும். உங்கள் வயது, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் சிபாரிசுக்குப் பயன்படுத்துவதில்லை என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. ஆக, அதற்குத் தெரிந்தது புரொஃபைல் மட்டும்தான். ஒரே புரொஃபைலில் அம்மாவும் தம்பியும் பார்த்தால், காலையில் குடும்பப் படமும் நள்ளிரவில் பேய்ப்படமும் பார்க்கும் ஒரு விசித்திரமான ஆள் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு போட்டியே சாட்சி. 2006 அக்டோபரில், தபாலில் டி.வி.டி. வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ், தன் சிபாரிசு முறையை 10 சதவீதம் மேம்படுத்துபவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தது. சுமார் 4.8 லட்சம் வாடிக்கையாளர்கள் 17,770 படங்களுக்குக் கொடுத்த 10 கோடிக்கும் அதிகமான ஸ்டார் மதிப்பெண்களைப் பெயர்களை நீக்கிவிட்டு வெளியிட்டது. ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை ஸ்டார் தருவார் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2009ல் இரண்டு அணிகள் ஒரே அளவு மேம்பாட்டை எட்டின. 20 நிமிடம் முன்னதாக விடையை அனுப்பிய ஏழு பேர் அணிக்குப் பரிசு. கணிப்பில் சராசரிப் பிழை 0.9525 ஸ்டாரிலிருந்து 0.8567 ஆகக் குறைந்தது. உலகத்து மூளைகள் எல்லாம் சேர்ந்து குறைத்தது ஒரு ஸ்டாரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! வென்ற முறையை முழுமையாகப் பயன்படுத்தவும் இல்லை. அதற்குள் நெட்ஃபிளிக்ஸ் ஸ்ட்ரீமிங்குக்கு மாறியிருந்தது. 2017ல் ஸ்டார்களே போய், கட்டைவிரல் அடையாளம் வந்தது.

அவர்களால் செய்ய முடியாததை நீங்கள் பத்து நிமிடத்தில் செய்யலாம். ஏனென்றால் உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நெட்ஃபிளிக்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். (மெனுக்களின் பெயர்கள் அவ்வப்போது மாறும். இதே பெயர் இல்லாவிட்டால் நெருக்கமான பெயரைத் தேடுங்கள்.)

முதலில் ஆளுக்கு ஒரு புரொஃபைல் உருவாக்குங்கள். ஒரு கணக்கில் ஐந்து வரை வைக்கலாம், கூடுதல் கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கு ‘கிட்ஸ்’ புரொஃபைல் தனியாக உண்டு. புரொஃபைலின் மொழிப் பகுதியில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

அடுத்து, பழைய குப்பையை அகற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக நுழைந்து ‘அக்கவுண்ட்’ பகுதிக்குச் செல்லுங்கள். உங்கள் புரொஃபைலைக் கிளிக் செய்தால் ‘வியூவிங் ஆக்டிவிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். அதில் இதுவரை பார்த்த எல்லாப் படங்களும் தேதியுடன் வரும். தேவையில்லாத படத்துக்கு எதிரே இருக்கும், குறுக்குக் கோடு போட்ட வட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். 24 மணி நேரத்துக்குள் அந்தப் படம் கணக்கிலிருந்து நீங்கிவிடும். அதை வைத்துச் சிபாரிசு வராது. மறுபடி பார்த்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் இப்படி மறைக்க வேண்டியிருந்தவை அறுபதுக்கு மேல். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து அவனையே கிளிக் செய்ய வைத்தேன்.

அதே இடத்தில் ‘பிளேபேக் செட்டிங்ஸ்’ சென்று ‘ஆட்டோபிளே பிரிவியூஸ்’ என்பதில் இருக்கும் டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். டிரெய்லர்கள் தானாக அலறாது.

இனி படம் பிடித்தால் கட்டைவிரல் மேலே, மிகவும் பிடித்தால் இரட்டைக் கட்டைவிரல், பிடிக்காவிட்டால் கீழே. பலர் இதைத் தொடுவதே இல்லை. பிரைம் வீடியோவிலும் தனித்தனி புரொஃபைல் உண்டு; ‘வாட்ச் ஹிஸ்டரி’ பகுதியில் படங்களை நீக்கலாம். யூடியூபில் வேண்டாத வீடியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘நாட் இன்ட்ரஸ்டட்’ கொடுக்கலாம்.

‘நான் என்ன படம் பார்த்தேன் என்று தெரிந்தால் என்ன போச்சு?’ என்று நினைக்காதீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் நாராயணன், பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து அந்தப் போட்டி டேட்டாவை ஆராய்ந்தார். ஒருவர் மதிப்பெண் கொடுத்த எட்டுப் படங்களும் தோராயமான தேதிகளும் தெரிந்தால், அவற்றில் இரண்டு தவறாகவே இருந்தாலும், அவருடைய பதிவை 99 சதவீதம் தனியாக அடையாளம் காணலாம் என்று 2008ல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். பெயரை நீக்கியும் பயனில்லை! 2009 டிசம்பரில் வழக்கு வந்தது. 2010 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் இரண்டாவது போட்டியைக் கைவிட்டது. ஆகவே புரொஃபைலுக்கு நான்கு இலக்க ‘பின்’ எண் போட்டுக்கொள்வது நல்லது.

அம்மாவின் புரொஃபைலுக்கு நான் போடவில்லை, அவருக்கு எண் ஞாபகம் இருக்காது. தம்பியுடையதற்குப் போட்டாயிற்று. இப்போதும் எப்போதாவது ஒரு கத்திப் படம் அம்மாவின் வரிசையில் எட்டிப் பார்க்கிறது. கீழ்நோக்கிய கட்டைவிரலை அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்.