பாதிரியார் நம்பிய தலைவர்

ஒரு தேசத்தில் புதிய தலைவர் ஒருவர் தோன்றும்போது, தெய்வ நம்பிக்கையுள்ள மனிதன் அவரை எந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது? அவர் வாயில் கடவுளின் நாமம் வருகிறதா என்று பார்த்தால் போதுமா? நம்முடைய ஆலயத்துக்கு அவர் அபயம் அளித்துவிட்டால் திருப்தியடைந்து விடலாமா? சரித்திரம் போதிக்கும் நம் போன்ற உபாத்தியாயர்களை மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு: "அவ்வளவு படித்த ஜெர்மானியர்கள் ஹிட்லரை எப்படி ஸார் நம்பினார்கள்?" இதற்கு விடை கூறப் புகும்போதெல்லாம் மார்ட்டின் நீமொல்லர் என்னும் பாதிரியாரின் வரலாறே நம் நினைவுக்கு வருகிறது.

கப்பலிலிருந்து ஆலயத்துக்கு

நீமொல்லர் 1892-ம் வருஷத்தில் ஒரு பாதிரியாரின் புதல்வராகப் பிறந்தார். முதல் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் தளபதியாக இருந்தார். 1918-ல் ஜெர்மனி தோற்றது. சக்கரவர்த்தி நாட்டை விட்டு அகன்றார். கப்பலை விட்டிறங்கிய தளபதி வேத சாஸ்திரம் பயின்று 1924-ல் பாதிரியாரானார். 1931 முதல் பெர்லின் நகரில் செல்வர்கள் வாழும் டாலெம் பகுதியின் ஆலயம் அவர் பொறுப்பில் வந்தது.

தேசம் அடைந்த அவமானம் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. வர்ஸேல்ஸ் உடன்படிக்கையின் பளு ஒரு புறம். 1923-ல் காசுக்கு மதிப்பில்லாமற் போன கொடுமை ஒரு புறம். 1933-ம் வருஷத் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை சுமார் 60 லட்சம். கடவுளை மறுக்கும் பொதுவுடைமைக் கட்சி வலுத்து வருகிறதே என்ற பயம் வேறு. இத்தகைய வேளையில் ஒருவர் எழுந்து, "தேசத்தை நிமிர்த்துவேன், கிறிஸ்து மதத்தைக் காப்பேன்" என்றால் யார்தான் செவி சாய்க்க மாட்டார்கள்? நீமொல்லர் ஹிட்லரின் கட்சிக்கே ஓட்டளித்தார்.

மூன்று நாட்கள்

1933 மார்ச்சு மாதத்தில் அடுத்தடுத்து வந்த மூன்று நாட்களை நேயர்கள் சற்றே கவனிக்க வேண்டும். 21-ந் தேதி, பாட்ஸ்டாம் நகரின் பழைய ராணுவ ஆலயத்தில் புதிய பார்லிமெண்டின் துவக்க விழா நடந்தது. முதிய ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் முன் ஹிட்லர் தலை தாழ்த்திக் கை குலுக்கிய படத்தைக் கண்டு பக்தர்கள் பலர் மனம் உருகினர். 23-ந் தேதி, கிறிஸ்தவத் திருச்சபைகள் தேசத்தின் ஒழுக்க வாழ்வுக்கு ஆதாரமானவை என்றும், அவற்றின் உரிமைகளில் கை வைப்பதில்லை என்றும் ஹிட்லர் பார்லிமெண்டில் வாக்களித்தார். அன்றே பார்லிமெண்டு தன் அதிகாரத்தை அவருக்குத் தாரை வார்த்துக் கொடுத்தது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 22-ந் தேதி நடந்தது என்ன? மூனிச் நகரை அடுத்த டாக்கௌவில் ஒரு கைதி முகாம் திறக்கப்பட்டது. முதலில் அங்கே அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பொதுவுடைமைக் கட்சியினர். ஆலய மணியோசையில் அந்த முகாமின் கதவு சாத்தப்பட்ட சப்தம் அநேகருடைய காதில் விழவில்லை.

எல்லோருமே ஏமாந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஹிட்லர் பதவியேற்ற இரண்டாம் நாள், பிப்ரவரி 1-ந் தேதி, டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற 26 வயது வேத சாஸ்திர ஆசிரியர் ரேடியோவில் பேசினார். தலைவன் தன்னையே தெய்வமாக்கிக் கொண்டால் ஜனங்களை வழிதவறச் செய்வான் என்பது அவர் பேச்சின் சாரம். பேச்சு முடியுமுன்னரே ஒலிபரப்பு நின்றுவிட்டது. ஏப்ரலில் யூதர்களின் கடைகள் பகிஷ்கரிக்கப்பட்டு, அவர்கள் சர்க்கார் உத்தியோகங்களிலிருந்து நீக்கப்பட்டனர். அவ்வமயம், துன்புறுவோர் கிறிஸ்தவரல்லாதவரானாலும் அவர்களுக்குத் திருச்சபை கடமைப்பட்டது என்று எழுதியவரும் இவரே.

சந்தேகம் பிறந்தது

நீமொல்லருக்குச் சந்தேகம் தோன்றியது, அரசின் கை அவருடைய ஆலயத்துக்குள் நீண்டபோதுதான். 1933 ஜூலையில் நடந்த திருச்சபைத் தேர்தலில் ஹிட்லருக்கு உகந்த கோஷ்டி பெருவெற்றி பெற்றது. செப்டம்பரில் அக்கோஷ்டியினர், யூத வம்சத்தில் வந்தோர் கிறிஸ்தவர்களேயாயினும் திருச்சபைப் பதவிகளுக்கு உரியவரல்லர் என்று விதி செய்தனர். ஞானஸ்நானத்தைக் காட்டிலும் குருதியே பெரிதா என்று நீமொல்லர் கொதித்தார். பாதிரிமாருக்கான ஆபத்துக்கால சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1934 ஜனவரிக்குள் சுமார் 7,000 பேர் அதில் சேர்ந்தனர்.

ஆயினும், அவர் எதிர்ப்பின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 1933 நவம்பரில், யூத வம்சத்துப் பாதிரிமார் தலைமைப் பதவிகளை நாடாமல் அடங்கியிருப்பது நலம் என்ற பொருள்பட அவரே எழுதினார். ஞானஸ்நானம் பெறாத யூதருக்காக அவர் குரல் எழவில்லை.

1934 ஜனவரி 25-ந் தேதி திருச்சபைத் தலைவர்களை ஹிட்லர் வரவழைத்தார். நீமொல்லர் அன்று காலை டெலிபோனில் பேசியதை ஒற்றர்கள் ஒட்டுக்கேட்டிருந்தனர். கோரிங் அதை அனைவர் முன்னும் வாசித்தார். தேசத்தைப் பற்றிய கவலையைத் தம்மிடம் விட்டுவிடும்படி ஹிட்லர் சீறினார். விடைபெறும்போது நீமொல்லர், தேசத்தின் பொருட்டு எங்களுக்குள்ள பொறுப்பு ஆண்டவன் தந்தது, அதை எவரும் பறிக்க இயலாது என்ற கருத்தில் பதிலுரைத்தார். பிஷப்புகள் பலர் பின்வாங்கினர்; அவர் பின்வாங்கவில்லை. 1937 ஜூலை 1-ந் தேதி கைதானார். 1938 மார்ச்சில் நியாயஸ்தலம் விதித்த ஏழு மாத தண்டனை ஏற்கெனவே கழிந்திருந்தும், ரகசியப் போலீஸார் அவரை மீண்டும் பிடித்துச் சென்றனர். ஹிட்லரின் சொந்தக் கைதியாக முதலில் ஸாக்ஸன்ஹௌஸனிலும், 1941 முதல் டாக்கௌவிலும் 1945 வரை அடைபட்டிருந்தார். போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9-ந் தேதி தூக்கிலிடப்பட்டார்.

முகாமில் ஒரு பலகை

விடுதலையான பின்பு, அதே வருஷத்தில் நீமொல்லர் தம் மனைவியுடன் டாக்கௌவுக்குச் சென்றார். பிணங்களை எரித்த சூளையருகே ஒரு பலகை. 1933 முதல் 1945 வரையில் அங்கு மாண்டவர்களின் கணக்கு அதில் எழுதியிருந்தது. தொகையைவிட அந்த ஆண்டுகளே அவரை உலுக்கின. 1937-க்குப் பிறகு நேர்ந்தவற்றுக்கு, நானும் சிறையில் கிடந்தேன் என்று அவர் சொல்லிக் கொள்ளலாம். ஆனால் 1933 முதல் 1937 வரை எங்கே இருந்தாய் என்று ஆண்டவன் கேட்டால்? இதைப் பிற்காலத்தில் மேடைதோறும் அவரே வெளிப்படையாகச் சொல்லி வந்தார். 1945 அக்டோபரில் ஸ்டட்கார்ட் நகரில் வெளியான திருச்சபையின் குற்ற அறிக்கையிலும் கையொப்பமிட்டார். 1961-ல் நமது புது டில்லியில் கூடிய உலகத் திருச்சபைகளின் மகாநாட்டில் தலைவர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இவர், 1984-ல் தமது 92-ம் வயதில் காலமானார்.

நீமொல்லர் கோழையல்லர்; கல்வியில்லாதவருமல்லர். புதிய தலைவர் எங்களுக்கு என்ன செய்வார் என்ற கேள்விக்கு வந்த பதிலிலேயே அவர் மனம் அமைதி கொண்டது. அந்தக் கேள்வி எந்த மதத்தாருக்கும், எந்த ஜாதியாருக்கும் இயல்பானதே. ஆனால் அத்துடன் நின்றுவிடலாகாது. எங்களைச் சேராதவர்களுக்கு, எங்களுக்குப் பிடிக்காதவர்களுக்கு அவர் என்ன செய்கிறார் என்பதையும் உடனே கேட்க வேண்டும். முதற் கேள்விக்குத் தலைவர்கள் வாக்குறுதியால் விடை தருவார்கள். இரண்டாவது கேள்விக்கு அவர்களுடைய செய்கைதான் விடை தரும். 1933-ல் அந்த விடை மார்ச்சு 22-ந் தேதியே வந்துவிட்டது.