பெண்ணையாற்றில் மிதக்கும் பரிசல்

கடலைக் காணாத மாவட்டத்தில் மீன்பிடி படகைப் பற்றிப் பேசுவானேன் என வாசகர்கள் ஐயுறலாம். கிருஷ்ணகிரியில் கட்டுமரமும் பாய்மரமும் இல்லை; ஆயினும் பரிசல் உண்டு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைக் கடந்து வந்து, 52 அடி உயர நீர்மட்டமுள்ள கிருஷ்ணகிரி அணையில் தேங்குகிறது. 1958 முதல் பயன்பட்டு வரும் இவ்வணையில் கட்லா, ரோகு, ஜிலேபி ஆகிய மீன்களைப் பிடிப்போர்க்குப் பரிசலே உற்ற துணை.

இதனைச் செய்யும் முறை எளியது. முற்றிய மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி அடிப்பாகத்தைப் பின்னுவர். பின்னர் ஓரங்களை மேல்நோக்கி வளைத்து, விளிம்பைத் தடிப்பாக முடைவர். முற்காலத்தில் வெளிப்புறத்தைத் தோலால் மூடினர். இந்நாளில் பிளாஸ்டிக் விரிப்பையோ தைத்த சாக்கையோ போர்த்தித் தார் பூசுகின்றனர். ஏறக்குறைய 1520ஆம் ஆண்டில் விஜயநகரத்திற்கு வந்த போர்ச்சுகீசியரான தோமிங்கோ பயஸ், பதினைந்து இருபது பேரை ஏற்றும் இத்தகைய தோல் பரிசல்களைக் கண்டு எழுதியுள்ளார். ஈராக்கின் ஆறுகளிலும் இதுபோன்ற வட்டப் படகு வழங்கி வந்தது.

பரிசலுக்கு முன்னணியமும் இல்லை, பின்னணியமும் இல்லை, அடிக்கட்டையும் இல்லை. ஆதலின் சிறிதளவு நீரிலும் மிதக்கும். பாறையில் உராய்ந்தாலும் நெளிந்துகொடுக்கும். ஒருபுறமே துடுப்பிட்டால் சுழலும். எனவே, முன்பக்கம் அமர்ந்து, வலமும் இடமும் மாற்றி மாற்றி நீரைத் தன்பால் இழுத்து வலித்தல் வேண்டும். வேலை முடிந்ததும் ஒருவரே தலையில் கவிழ்த்துக் கரையேற்றிவிடலாம். சிறுமுதலுடைய மீனவர் குடும்பத்திற்கு இதனினும் ஏற்ற கலம் யாது?

எனினும் இதன் எளிமையே அதன் அபாயமுமாகும். பலர் ஒருபுறமாகச் சாய்ந்தால் கவிழும். அகன்ற நீர்ப்பரப்பில் பெருங்காற்று எழுந்தால் திசைமாறும். காவிரியின் ஒகேனக்கல்லில் நீர்வரத்து மிகும்போது அரசு நிர்வாகம் பரிசல் இயக்கத்தைத் தடுப்பது இதனாலேயாம். அங்குப் பயணிகள் அணியும் பாதுகாப்பு உடையை அணை மீனவரும் அணிதல் நன்று. பரிசலை நீரிலேயே விட்டுவைத்தால் மூங்கில் மக்கும். ஆகவே நாள்தோறும் கவிழ்த்து உலர்த்தி, தார் உரிந்த இடங்களில் மீண்டும் பூசுதல் வேண்டும்.

பரிசல் நன்றாயிருந்தால் மட்டும் போதாது. நீரும் நன்றாயிருத்தல் வேண்டும். நகரக் கழிவும் ஆலைக் கழிவும் கலந்து கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவதை அண்மை ஆண்டுகளில் பன்முறை கண்டோம். மீனற்ற நீரில் பரிசல் வெறும் கூடையே. மூங்கில் நடுவதும், முடையும் கைத்திறனை இளைஞர்க்குக் கற்பிப்பதும் நம் ஊர்களின் பொறுப்பு. ஆற்றைத் தூய்மையாகக் காப்பதோ இரு மாநிலத்தார்க்கும் உரிய கடமையாகும்.