எடை எங்கே இறங்குகிறது?

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த ஒருவர் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார். அவருடைய உடல் எடை எங்கே இறங்கும்? யாரைக் கேட்டாலும், "வெட்டின இடத்துலதான், வேற எங்க?" என்பார்கள். உரலுக்குள் உலக்கை நிற்பதுபோல, மிச்சமிருக்கும் காலின் நுனி ஒரு கிண்ணத்தில் ஊன்றி நிற்பதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். புதிதாகக் கால் மாட்டுகிறவரும் அப்படி நினைத்தே முதல் அடிக்கு நடுங்குகிறார்.

உண்மையில் அந்த நுனியில் எடையே இறங்கக்கூடாது. அறுத்த எலும்பின் மேல் தசையையும் தோலையும் மடித்துத் தைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே ஊன்றினால் வலிக்கும், புண்ணாகும். அதனால் மிச்சக்காலைக் கவ்வும் உறையை, அதாவது சாக்கெட்டை, எடை வேறு இடங்களில் இறங்கும்படி வடிக்கிறார்கள். உங்கள் முட்டிச்சில்லுக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக ஒரு பட்டை தட்டுப்படுகிறதல்லவா? அது தசைநாண், அழுத்தினாலும் பெரிதாக வலிப்பதில்லை. 1950களின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் உருவான சாக்கெட் இந்தப் பட்டையைத்தான் முக்கியத் தாங்கலாக எடுத்துக்கொண்டது. முன்னெலும்பின் உட்பக்கச் சரிவும் கெண்டைச் சதையும் மீதியைப் பங்குபோட்டுக்கொள்ளும். இப்போது சிலிகோன் உறை போட்டு, எடையை எல்லாப் பக்கமும் பரப்பிவிடுகிற வகையும் இருக்கிறது. (கணுக்காலோடு எடுக்கும் சைம் அறுவை மட்டும் விதிவிலக்கு. குதிகால் சதையையே நுனியில் வைத்துத் தைப்பதால் அதில் ஊன்றலாம்.)

இது பிடிபட்டால் முதல் வருடத்துத் தொல்லைகளில் பாதி பிடிபட்டுவிடும். அறுவைக்குப் பின் வீங்கியிருந்த கால் மெல்ல வடிகிறது. வேலையில்லாத தசையும் மெலிகிறது. கச்சிதமாக இருந்த சாக்கெட் தளர்ந்துபோகிறது. கால் உள்ளே கூடுதலாக இறங்கி, எடை படக்கூடாத அந்த நுனி அடியில் போய் முட்டுகிறது. "இந்தக் கால் எனக்கு ஒத்துக்கல" என்று மூலையில் சாத்திவைக்கத் தோன்றுவது அப்போதுதான். அதற்குக் கைவைத்தியம் பருத்தி சாக்ஸ். காலையில் ஒன்று போட்டவர், மாலைக்குள் கால் இன்னும் சற்று மெலிவதால், மேலே இன்னொன்று போடவேண்டி வரலாம். சாக்ஸ்மேல் சாக்ஸாக ஏற்றியும் ஆடுகிறதென்றால் சாக்கெட்டையே மாற்றவேண்டியதுதான்.

இரவு கழற்றியதும் தோலைப் பாருங்கள். எடை தாங்கும் இடங்கள் லேசாகச் சிவந்து, கால் மணி நேரத்தில் மறைந்தால் பயமில்லை. நுனி சிவந்திருந்தாலோ, சிவப்பு மறையாவிட்டாலோ, மறுநாள் மாட்டாமல் பொருத்துநரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோயால் காலை இழந்தவருக்கு வலியே தெரியாமல் புண் வளரும். அவர் கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

நம்மூரில் செயற்கைக் கால் என்றதும் ஜெய்ப்பூர் பாதத்தைப் பற்றித்தான் பேசுவோம். 1960களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய அந்த ரப்பர் பாதத்தோடு வெறுங்காலாக வயலில் இறங்கலாம், சம்மணம் போடலாம். அருமையான பாதம், சந்தேகமில்லை. ஆனாலும் சாக்கெட் ஆடினால் அது என்ன செய்யும்? முகாமில் வாங்கும்போதே, தளர்ந்தால் யாரிடம், எங்கே வரவேண்டும் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.